பதினாலு மேடமும் பெரியவர்கள் கப்பலும்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பதினாலு. அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் புழங்கத்தான் ஆளில்லை.

நான் மூன்றாம் கவுண்டர், டிக்கெட் விற்பவள். அவள் நான்காம் கவுண்டர், வாங்கிய டிக்கெட்டை வேண்டாம் என்று திரும்பக் கொண்டுவருபவர்களுக்குப் பதில் சொல்பவள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு ஸ்டேப்ளர். ஸ்டேப்ளர் என்னுடையது. அதைப் பற்றிப் பேச இது இடமில்லை.

எங்கள் பயண நிறுவனத்தின் விதிப் புத்தகத்தில் பதினாலாவதாக ஒரு விதி உண்டு. மனம் மாறியதைக் காரணமாகக் காட்டினால் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது. எட்டு வருடமாக அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அவள் அரசாண்டாள். அழுதவர்கள், மேசையைத் தட்டியவர்கள், பெரிய இடத்தில் ஆள் இருக்கிறது என்று ஃபோனை எடுத்துக் காட்டியவர்கள், எல்லோருக்கும் ஒரே பதில்தான். "பதினாலாவது விதிங்க. முடியாது." குரல் உயராது, முகம் சுளிக்காது. போகிறவர்களில் பாதிப் பேர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். டிக்கெட் விற்ற எனக்கு ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை.

நியாயமான காரணம் இருந்தால் பணம் கிடைக்கும். ஆனால் அதற்கும் அவள் ஒரு முறை வைத்திருந்தாள். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'தனிப்பட்ட காரணம்' என்று எழுதினால் வாங்கமாட்டாள். சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதியதை அவள் முன்னால் சத்தமாகச் சொல்லவும் வேண்டும். அதன் பிறகுதான் முத்திரை. "கை எத்தனை பொய் வேணா எழுதும்க்கா. வாய் தடுமாறிடும்," என்பாள். அது விதிப் புத்தகத்தில் இல்லை, அவளாகச் சேர்த்துக்கொண்டது. மேலாளர் ஒருமுறை ஏன் என்று கேட்டார். அவரையே காரணம் கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

இந்தப் புலியை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கட்டடத்து லிஃப்ட் எட்டு மாதமாக ஓடவில்லை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கும் மனிதர், தன் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறுவார். ஒரே மகன் படிப்பு முடிந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். வீடு வெறிச்சோடியிருக்கும் என்றுதான் நினைத்துப் போனேன். வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு கிடந்தது.

இரண்டு தெரு தள்ளி அவளுடைய நாத்தனார் வீடு. கணவருக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கைக்கு மூன்று வாண்டுகள். பள்ளி விட்டால் மூன்றும் நேராக இங்கேதான். பின்னாலேயே அம்மா வருவாள், அம்மாவைத் தேடிக்கொண்டு அப்பா வருவார். சாவி அவர்களிடமே ஒன்று இருந்தது. "அத்தை, பசிக்குது." "அத்தை, இவன் கிள்ளிட்டான்." "அண்ணி, இன்னைக்கு மூணும் இங்கேயே தூங்கட்டுமா?" எல்லாவற்றுக்கும் அவள் வாயில் ஒரே சொல். சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணிப் பார்த்தேன். நான் இருந்த மூன்று மணி நேரத்தில் பத்தொன்பது சரி.

பிள்ளைகள் மேல் அவளுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. கடைக்குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் இவளுக்குத்தான் வேலை ஓடாது. ஆனால் பிரியம் வேறு, மூச்சு முட்டுவது வேறு. அன்று மாடிப்படி இறங்கும்போது கேட்டேன், "நீங்க ரெண்டு பேர் மட்டும் உக்காந்து சாப்பிட்டது எப்ப?" அவள் யோசித்தாள். இரண்டு மாடி இறங்கும் வரை யோசித்தாள். "ஞாபகம் இல்லக்கா," என்றாள்.

அதனால்தான் அந்தக் கப்பலை அவளிடம் விற்றேன்.

எட்டு நாள் கடல் பயணம். ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. விளம்பரத் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இது பெரியவர்களுக்கு மட்டுமான கப்பல், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அவள் படத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரியை மூன்று முறை படித்தாள்.

"இந்த விதி மாறாதேக்கா?"

"கப்பல் மூழ்கினாலும் மாறாது," என்றேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டு டிக்கெட் போட்டாள். வீட்டில் எப்படிச் சொன்னாள் என்பதை மறுநாள் எனக்கு நடித்தே காட்டினாள். "எல்லாரையும் கூட்டிட்டுப் போகணும்னுதான் ஆசை. பிள்ளைங்கள விடமாட்டாங்களாம். விதி. நான் என்ன பண்றது?" சொல்லும்போது முகத்தை அப்படித் தொங்கப் போட்டாளாம். நாத்தனார் முதுகைத் தடவிக் கொடுத்தாளாம். கடைக்குட்டி, "பாவம் அத்தை," என்றதாம். கணவரும் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதன் பிறகும் கப்பல் பேச்சு எடுக்கும் போதெல்லாம் அந்தத் தொங்கிய முகத்தை மறக்காமல் மாட்டிக்கொண்டாள். ஒருவர் மனமும் நோகவில்லை. இல்லை என்று சொன்னது கப்பல்தானே, இவள் இல்லையே.

மூன்று மாதம் இப்படி நன்றாக ஓடியது. ஒரு திங்கள்கிழமை காலை கப்பல் கம்பெனியிலிருந்து எல்லா முகவர்களுக்கும் அறிவிப்பு வந்தது. வரும் பருவத்திலிருந்து எங்கள் கப்பல் குடும்பங்களையும் அன்புடன் வரவேற்கிறது. மேல்தளத்தில் நீர்ச்சறுக்கு, கோமாளி, பலூன். முன்பே பதிவு செய்தவர்கள் இந்த மாற்றம் பிடிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பித்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. படித்துவிட்டு அவள் கண்ணாடித் தடுப்பு வழியாக என்னைப் பார்த்தாள்.

"அக்கா, என் விதி போச்சு."

அந்த வாரம் முழுக்கப் பணம் திரும்பக் கேட்டு வந்தவர்கள் வரிசை வாசல் வரை நின்றது. பதினாலாம் விதி இங்கே செல்லாது. மனம் மாறியது பயணி இல்லை, கப்பல். ஆனால் அவளுடைய காரணச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லத்தான் வேண்டும். காத்திருப்பவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது.

குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டர் ஒருவர் வந்தார். "அழுகைச் சத்தம் கேட்டா என் வாய் தானா 'ஆ காட்டு, ஆ காட்டு'ன்னு சொல்லுதுங்க. கப்பல்லயும் சொன்னா அடிக்க வருவாங்க," என்றார். முத்திரை விழுந்தது. பாட்டு டீச்சர் ஒருத்தி, முப்பது வருடமாகப் பொடிசுகளின் அபசுரத்தைக் கேட்ட காது எட்டு நாள் ஓய்வு கேட்கிறது என்றாள். அதற்கும் முத்திரை. ஒரு மனிதர் கம்பீரமாக எழுந்து, "எனக்குப் பிள்ளைங்கன்னாலே ஆகாது," என்றார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள், "ஏம்ப்பா?" என்று கேட்டாள். அவர் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் விற்ற டிக்கெட் எல்லாம் என் கண் முன்னாலேயே ரத்தாகிக்கொண்டிருந்தது. வயிறு எரிந்தது. ஆனால் பக்கத்துக் கவுண்டரில் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தால் என் எரிச்சலைக் காட்டவும் மனம் வரவில்லை.

புதன்கிழமை சொன்னாள், "நாத்தனார் ஃபோன்ல பார்த்துட்டா. 'அண்ணி, உங்க ஆசை பலிச்சுடுச்சு, பிள்ளைங்களையும் விடறாங்களாம்'னு ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நீர்ச்சறுக்குப் படத்த ஃபிரிட்ஜ்ல ஒட்டியாச்சு. சோஃபாவுல மூணும் நீச்சல் பழகுதுங்க."

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல. தனியா சிரிச்சுக்கிறார். என்னன்னே தெரியல."

"வேண்டாம்னு சொல்லிடேன்."

"எந்த விதிப்படி?"

"உன் விதிப்படி!"

"அது புத்தகத்துல இல்லக்கா," என்றாள். ஊருக்கெல்லாம் முடியாது என்று சொல்கிறவளுக்கு வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை ஒரு முடிவோடு வந்தாள். டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாளாம். கப்பலே இல்லை என்றால் யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை அல்லவா. எனக்கு வந்த கோபத்தில் ஸ்டேப்ளரை மேசையில் ஓங்கி வைத்தேன். கல்யாணமான இருபத்திநாலு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது ஒரே ஒரு வாரம். அதையும் தன் கையாலேயே கிழித்துப் போடப் பார்க்கிறாள். "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களாடி?" என்று கேட்டேன்.

ஒரு நல்ல காலம், ஊழியர் தன் படிவத்துக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ளக் கூடாது. பக்கத்துக் கவுண்டர்தான் குத்த வேண்டும். அதாவது நான்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்குக் கூடத்தில் உட்கார இடமில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி அவள் முன்னால் வந்தது. படிவத்தில் 'தனிமை' என்று எழுதியிருந்தார்கள்.

"ஒரு வரியா, சொந்த வார்த்தையில சொல்லுங்க," என்றாள் பதினாலு.

பையன் நெளிந்தான். அந்தப் பெண் நெளியவில்லை. "எனக்கு இவர்கூட மட்டும் இருக்கணும். வேற யாரும் வேண்டாம். அவ்வளவுதான் மேடம்."

பதினாலின் கையில் இருந்த முத்திரை அப்படியே நின்றது. கல்யாணமாகி மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! பிறகு மெதுவாகக் குத்தி அனுப்பினாள்.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது வாசல் கதவு திறந்தது. வந்தது லிஃப்ட் மெக்கானிக். வேலை உடுப்பில் எண்ணெய்க் கறை. டோக்கன் எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில், பாட்டு டீச்சருக்குப் பின்னால் உட்கார்ந்தார். பாட்டு டீச்சருக்கு அன்று ஒரு வேலையும் இல்லை, மற்றவர்கள் காரணத்தைக் கேட்கவே வந்திருந்தாள். மெக்கானிக் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். கையில் ஒரு தாள். அதை என் பக்கம் விரித்துக் காட்டினார், கொட்டை எழுத்தில் வரிசையாக ஐந்து பெயர்கள். டிக்கெட் வாங்க வந்திருக்கிறார்! தங்கை, அவள் கணவர், மூன்று வாண்டுகள். அவர் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் இது எதையும் பார்க்கவில்லை. தன் கவுண்டரை விட்டு எழுந்து, சுற்றி வந்து, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். படிவத்தை நீட்டினாள். காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: தனிப்பட்ட காரணம்.

எட்டு வருடமாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது.

"இதை எடுத்துக்க மாட்டோம் மேடம்," என்றேன். "சொந்த வார்த்தையில ஒரு வரி. சத்தமா."

"அக்கா, விளையாடாதீங்க. மணி ஆகுது."

"வாய் தடுமாறுதான்னு பார்க்கணும்."

கூடத்தில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பாதிப் பேர் அவளிடம் காரணம் சொல்லித் தப்பித்தவர்கள், மீதிப் பேர் சொல்லக் காத்திருப்பவர்கள். "நாங்க எல்லாம் சொன்னோமே மேடம்," என்றாள் பாட்டு டீச்சர். "ஆமா, நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்று யாரோ ஒத்து ஊதினார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். படிவத்தில் எழுதியிருந்ததை விரலால் மூடினாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு என் வீட்டுக்காரரோட ஒரு வாரம் தனியா இருக்கணும்." நிறுத்தினாள். அதற்குமேல் அணை உடைந்தது. "இருபத்திநாலு வருஷத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும் உக்காந்து சாப்பிட்ட ஞாபகமே இல்ல. பிள்ளைங்கள விடமாட்டாங்கன்னுதான் இந்தக் கப்பல எடுத்தேன். இப்ப எல்லாரும் வர்றாங்க. வராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான், கப்பலே வேணாம்."

நான் முத்திரையை எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தேன். மெக்கானிக் எழுந்து நின்றிருந்தார். டோக்கன் ஒரு கையில், பெயர்ப் பட்டியல் ஒரு கையில்.

"நீ பிள்ளைங்கள விட்டுட்டுப் போறோமேன்னுதானே மூணு மாசமா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தே?" என்றார்.

அவள் திரும்பினாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"அது நடிப்புங்க."

"நடிப்பா? நான் நெஜம்னுல்ல நெனச்சேன்!" பட்டியலை நீட்டிக் காட்டினார். "நீ சந்தோஷப்படுவேன்னு அவங்களுக்கும் டிக்கெட் போட வந்திருக்கேன்."

"எனக்கு எதுக்குங்க அவங்க?"

அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சிக்கிக்கொண்ட லிஃப்டுக்குள் இருக்கும் பத்துப் பேரை அமைதிப்படுத்தத் தெரிந்த மனிதருக்குத் தன் கைத் தாளை அமைதிப்படுத்தத் தெரியவில்லை.

"என்கூட மட்டும் ஒரு வாரம்னா உனக்குப் போரடிக்குமேன்னு பயந்துட்டேன்," என்றார்.

அவள் அழுதாள். நான் கண்ணில் தூசி விழுந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன், நானும்தான் அழுதேன். பாட்டு டீச்சர் அழுதது அபசுரமாக இருந்தது. அழுதுகொண்டே மணியைப் பார்த்தேன். நாலு ஐம்பத்தாறு.

"மேடம், படிவத்தை எடுத்துக்கவா, வேண்டாமா?" என்று கேட்டேன்.

அவள் படிவத்தை என் மேசையிலிருந்து இழுத்துக்கொண்டாள். கணவர் மெதுவாகக் கேட்டார், "தங்கச்சிகிட்ட யார் சொல்றது? கிளம்பும்போதே பெட்டிய எடுத்துத் துடைச்சிட்டு இருந்தா. எனக்குப் பயமா இருக்கு."

"நான் சொல்றேன்."

என் மேசை ஃபோனைத்தான் எடுத்தாள். நாத்தனாரின் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "அண்ணி! டிக்கெட் போட்டாச்சா?"

"இல்லம்மா. நீங்க வர முடியாது."

"ஏன் அண்ணி? விதிதான் மாறிடுச்சே!"

"கப்பல் விதி மாறிடுச்சு. இது நான் சொல்றேன். இந்த ஒரு தடவை நானும் உங்க அண்ணனும் மட்டும் போறோம்." குரல் உயரவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனால் மறு கை என் ஸ்டேப்ளரை எடுத்து அந்தப் படிவத்தில் வரிசையாக அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு வருடத்தில் அந்தக் கை எதையும் வீணாக அடித்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் ஃபோனை வைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள் நாத்தனார் பேசவில்லை. பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல வந்து, சாப்பிட்டு, கிள்ளிக்கொண்டு போயின. நீர்ச்சறுக்குப் படத்தை அவள் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கவும் இல்லை. தூக்கமில்லாமல் காலையில் வருவாள். "தப்புப் பண்ணிட்டேனாக்கா?" என்பாள். "பதினாலாவது விதி. மனசு மாறக் கூடாது," என்பேன்.

பதின்மூன்றாம் நாள் நாத்தனார் வந்தாளாம். வாசலிலேயே நின்றுகொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாளாம். "நீங்க போயிட்டு வந்ததும் இந்த மூணையும் ஒரு வாரம் பார்த்துக்குவீங்களா அண்ணி? நாங்களும் ரெண்டு பேரும் மட்டும் எங்கேயாவது போய்ட்டு வர்றோம்." கடைசி வரியைச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டதாம்.

"நீ என்ன சொன்னே? சரின்னுட்டியா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"மூணு நாள் பார்த்துக்கறேன், ஒரு வாரம் முடியாதுன்னேன்."

"அவ?"

"சரின்னா!" அவளுக்கே நம்ப முடியவில்லை. அந்தச் சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு அத்தனை வருடம் ஆகியிருந்தது.

கப்பல் போனது, வந்தது. திரும்பி வந்த திங்கள்கிழமை மூக்கு நுனி கறுத்துப்போய் நான்காம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு புது ஸ்டேப்ளர் வாங்கி வந்திருந்தாள், கப்பல் படம் போட்டது.

"பிள்ளைங்க தொல்லை எப்படி?"

"முந்நூறு பிள்ளைங்கக்கா. காலைல ஆறு மணிக்கே சறுக்குல கூச்சல் ஆரம்பிச்சிடும்."

"அடப் பாவமே."

"என்ன பாவம்? ஒண்ணுகூட என்னை அத்தைன்னு கூப்பிடல." அதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. "ரெண்டே ரெண்டு நாற்காலி போட்ட மேசைக்கா. மொத நாள் என்ன பேசறதுன்னே தெரியல. அவர் கப்பல் லிஃப்டப் பத்தியே பேசினார். ரெண்டாவது நாளும் லிஃப்ட்தான். மூணாவது நாள்..."

நிறுத்திக்கொண்டாள். முத்திரை மையை எடுத்துத் திறந்தாள், மூடினாள்.

"மூணாவது நாள்?" நான் கண்ணாடித் தடுப்பில் நெற்றி இடிக்கச் சாய்ந்தேன். "சொந்த வார்த்தையில, ஒரு வரி, சத்தமா."

"முடியாது," என்றாள்.

எந்த விதி என்று நான் கேட்கவில்லை.